ஸ்கைரிமின் மூன்று டிஎல்சிகள்: எது உசத்தி, எதை எப்போது தொடுவது?

ஸ்கைரிம் என்கிற வீடியோ கேமைப் புதிதாகத் தொடங்குகிறவர்கள் தவறாமல் கேட்கிற கேள்வி, அதன் மூன்று டிஎல்சிகளில் (மூல கேமுக்குப் பின் வந்த கூடுதல் பகுதிகளில்) எது நல்லது என்பது. 2012-இல் இந்தக் கேள்விக்குப் பொருள் இருந்தது. ஜூனில் டான்கார்ட், செப்டம்பரில் ஹார்த்ஃபயர், டிசம்பரில் டிராகன்பார்ன் என்று முதலில் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு ஒவ்வொன்றாக வந்தன. தனித்தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்பதால் எதை வாங்குவது, எதை விடுவது என்று கணக்குப் போட்டார்கள். இப்போது அந்தக் கணக்கே இல்லை. 2016 அக்டோபரில் வந்த ஸ்பெஷல் எடிஷனிலிருந்து மூன்றும் உள்ளேயே அடங்கிவிட்டன.

அப்படியானால் தரவரிசை எதற்கு? நேரத்துக்காகத்தான். இந்த மூன்றும் ஒரு மூலையில் சமர்த்தாகக் காத்திருப்பதில்லை. நீங்கள் பாட்டுக்கு மூலக் கதையை ஆடிக்கொண்டிருக்கும்போது ஒருவன் வந்து வாம்பயர் வேட்டைக்குக் கூப்பிடுவான். இன்னொரு நாள் முகமூடிக்காரர்கள் வாளை உருவிக்கொண்டு வருவார்கள். எது டிஎல்சி, எது மூலக் கதை என்று தெரியாத புது ஆள் எல்லாவற்றிலும் ஒரு காலை வைத்துவிட்டு நடுவில் முழிப்பார்.

என் வரிசையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தரத்தில் டிராகன்பார்ன் முதலிடம், டான்கார்ட் இரண்டாமிடம், ஹார்த்ஃபயர் மூன்றாமிடம். ஆட வேண்டிய வரிசை இதற்கு நேர் தலைகீழ். ஏன் என்று போகப் போகச் சொல்கிறேன். கதையின் முடிச்சுகளை அவிழ்க்க மாட்டேன், பயப்படாமல் படிக்கலாம்.

முதலில் கையில் இருப்பது எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

2011 நவம்பரில் வந்த பழைய கேம் மட்டும் இருந்தால் அதில் டிஎல்சி எதுவும் கிடையாது. 2013-இல் வந்த லெஜண்டரி எடிஷன் என்றால் மூன்றும் உண்டு. இன்று புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஸ்பெஷல் எடிஷனே போதும்.

2021 நவம்பரில் வந்த ஆனிவர்சரி எடிஷன் என்று ஒன்றும் இருக்கிறது. கிரியேஷன் கிளப் என்ற கேமுக்குள்ளேயே இருக்கும் கடையில் தனித்தனியாக விற்ற ஆயுதங்கள், வீடுகள், குட்டி குவெஸ்ட்கள் (பணிகள்) எல்லாவற்றையும் அதில் மொத்தமாகக் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். முதல் முறை ஆடுகிறவர்களுக்கு அது வேண்டாம் என்பது என் கருத்து. தொடங்கிய சில மணி நேரத்திலேயே கடிதங்களும் குவெஸ்ட் அறிவிப்புகளும் வந்து குவியும். இரும்பு வாளோடு கஷ்டப்பட வேண்டிய நேரத்தில் நல்ல ஆயுதம் சும்மா கையில் வந்து விழுந்தால் அப்புறம் எதைத் தேடிக் குகைக்குள் போவது? மீன் பிடிப்பதும், பசியும் குளிரும் வாட்டுகிற சர்வைவல் மோடும் ஸ்பெஷல் எடிஷன்காரர்களுக்கு எப்படியும் இலவசமாகக் கிடைத்துவிட்டன.

விரிவாக்கம் விற்பதில், ஸ்கைரிம் அடங்கிய எல்டர் ஸ்க்ரோல்ஸ் தொடருக்கு ஒரு வேடிக்கையான முன்கதை உண்டு. இதற்கு முந்தைய கேமான ஒப்லிவியனுக்கு 2006-இல் தயாரிப்பாளர்களான பெதஸ்தா முதலில் விற்றது குதிரைக்கு ஒரு கவசம். கதை இல்லை, இடம் இல்லை, குதிரைக்குச் சட்டை மட்டும். இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். அந்தப் பேச்சைக் கேட்ட பிறகு ஸ்கைரிமின் மூன்றையும் பார்த்தால், மூன்றாமிடத்தில் நான் வைத்திருக்கும் ஹார்த்ஃபயர்கூடக் கௌரவமாகத்தான் தெரியும்.

முதல் 10 லெவலுக்குள் செய்ய வேண்டியது

ஒன்றும் செய்ய வேண்டாம். உண்மையாகவே. வைட்ரன் நகருக்குப் போங்கள், முதல் டிராகனைக் கொல்லுங்கள், ஹை ஹ்ரோத்கார் மலையேறி கிரேபியர்ட் துறவிகளைப் பாருங்கள், வழியில் தெரிகிற குகைகளுக்குள் நுழையுங்கள். இந்த ஊர், இந்த மக்கள், இந்தப் போர் என்னவென்று பிடிபடாமல் டிஎல்சிக்குள் நுழைந்தால் அதில் பாதி விஷயம் ஒட்டாது.

ஆனால் 10-ஆம் லெவலைத் தொட்டதும் ஒரு விஷயத்தில் உஷாராக இருங்கள். டான்கார்ட் உங்களைக் கேட்காமலேயே விழித்துக்கொள்ளும். காவலர்கள் வாம்பயர் வேட்டைக்காரர்களைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். அதோடு போனால் பரவாயில்லை. இரவு நேரத்தில் ஊருக்குள் வாம்பயர்களே வந்து இறங்குவார்கள். கடைக்காரர்களும் கொல்லர்களும் வீட்டுக்குள் ஓடி ஒளியாமல் கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு சண்டைக்கு வருவார்கள். இறந்தவர் இறந்தவர்தான், திரும்பி வரமாட்டார்.

என் முதல் ஆட்டத்தில் ஒரு ராத்திரி வைட்ரனில் போய் இறங்கினேன், சுரங்கத்தில் எடுத்த இரும்பையெல்லாம் விற்பதற்காக. வாசலில் ஒரே கூச்சல். கொல்லர் ஏட்ரியன் குறுவாளோடு குறுக்கே ஓடினார், நான் விட்ட அம்பு யார்மேல் பட்டது என்று இன்றுவரை எனக்கே சந்தேகம். விடிந்தபோது உலைக்களத்தில் ஆள் இல்லை. கடைசி சேவ் மூன்று மணி நேரத்துக்கு முந்தையது.

இதைத் தவிர்ப்பது எளிது. ஃபாஸ்ட் டிராவல் (மேப்பில் ஊரைத் தேர்ந்து நேராகப் போய் இறங்குவது) செய்து இரவில் ஊருக்குள் இறங்குவதுதான் ஆபத்து. பயணத்தில் கழிகிற நேரத்தையும் கேம் கணக்கில் எடுத்துக்கொள்ளும், அதனால் மாலையில் கிளம்பினால் இருட்டிய பிறகே போய்ச் சேருவீர்கள். இருக்கிற இடத்திலேயே தூங்கி, விடிந்ததும் கிளம்புங்கள். ஊருக்குள் நுழையும் முன் தனியாக ஒரு சேவ் போடுங்கள். ஆட்டோசேவை நம்பாதீர்கள், அது அடுத்த கதவைத் திறந்ததும் பழையதை அழித்துக்கொண்டே போகும்.

ஹார்த்ஃபயர்: கடைசி இடம், முதல் வேலை

ஹார்த்ஃபயரில் கதை கிடையாது. நிலம் வாங்கி வீடு கட்டலாம், குழந்தைகளைத் தத்தெடுக்கலாம். அவ்வளவுதான். அதனால்தான் தரத்தில் கடைசி. ஆனால் கட்டிய வீடு ஆட்டம் முழுவதும் கூடவே வருகிறது, சேர்த்த பொருளையெல்லாம் வைக்க இடம் கிடைக்கிறது. 40-ஆம் லெவலில் வீடு கட்டி யாருக்கு லாபம்? 12, 15 லெவல் வாக்கில் கையில் 5,000 தங்கம் சேர்ந்ததும் இதைத் தொடங்கிவிடலாம்.

நிலம் மூன்று இடத்தில் கிடைக்கும், ஒவ்வொன்றும் 5,000 தங்கம். ஃபால்க்ரீத் பக்கத்தில் ஏரியைப் பார்த்தபடி லேக்வியூ, மோர்தலுக்கு வடக்கே சதுப்பு நிலத்தில் விண்ட்ஸ்டாட், டான்ஸ்டாருக்குத் தெற்கே பனிமேட்டில் ஹெல்யார்கன். எல்லா இடத்திலும் அந்தப் பகுதியை ஆளும் ஜார்லுக்குச் சில வேலைகள் செய்து நல்ல பெயர் வாங்கிய பிறகே நிலம் விற்பார்கள். புது ஆளுக்கு லேக்வியூதான் என் பரிந்துரை. ஃபால்க்ரீத் ஜார்லே ஒரு கட்டத்தில் கடிதம் அனுப்பிக் கூப்பிடுவார், வழியும் சுலபம், காட்சியும் அழகு. குறை என்னவென்றால் அக்கம்பக்கத்தில் கொள்ளைக்காரர்கள் அதிகம்.

கட்டுவதற்கு முன் மனதில் வைக்க வேண்டியவை சில. களிமண்ணும் கல்லும் மனையிலேயே கிடைக்கும், குந்தாலியால் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். மரத்துண்டுகளை அறுவை ஆலைக்காரரிடம் வாங்க வேண்டும், அவை உங்கள் முதுகில் ஏறாது, நேராக மனைக்கே வந்துவிடும். உண்மையான தலைவலி இரும்பு. ஆணி, கீல், பூட்டு, பொருத்துக் கம்பி என்று எல்லாமே இரும்பைத் தின்னும். முதல் லெவலிலிருந்தே கண்ணில் படுகிற இரும்புத் தாதையெல்லாம் வெட்டிச் சேர்த்து வையுங்கள். வைக்கோல், கண்ணாடி, ஆட்டுக் கொம்பு மூன்றையும் அப்படியே. ஆட்டுக் கொம்பா என்று கேட்பீர்கள். சுவர் விளக்குக்கு அதுதான் வேண்டும். குகை குகையாக அலைந்து டிராகன்களைக் கொன்றவன், ஒரு விளக்கு மாட்ட ஆடு தேடி மலையேறுவதை இந்த டிஎல்சியில்தான் பார்க்கலாம்.

பெரிய கூடம் எழும்பிய பிறகு மூன்று பக்கமும் ஒவ்வொரு கட்டடம் சேர்க்கலாம். ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று தேர்வுகள். கட்டியதை இடித்துவிட்டு வேறு கட்ட முடியாது, ஆகவே இந்த இடத்தில் சேவ் கட்டாயம். மேற்கில் படுக்கையறைகளைப் பலர் அவசரப்பட்டுக் கட்டிவிடுவார்கள், குழந்தைகளுக்கு இடம் வேண்டுமே என்று. பெரிய கூடத்திலேயே குழந்தைக் கட்டிலும் பெட்டியும் போட முடியும். அதனால் மேற்கில் பசுமைக் குடில் கட்டுங்கள். மூலிகையைத் தேடிக் காடு மேடெல்லாம் அலைய வேண்டியதில்லை, மருந்து காய்ச்சுகிறவர்களுக்கு அது தங்கச் சுரங்கம். வடக்கிலும் கிழக்கிலும் உங்கள் விருப்பம். கோப்பைகளையும் பாடம் பண்ணிய மிருகங்களையும் வைக்கிற அறை எனக்குப் பிடிக்கும், உபயோகம் எதுவும் இல்லை என்று தெரிந்தேதான்.

இரண்டு குழந்தைகளைத் தத்தெடுக்கலாம். ஊருக்குத் திரும்பும்போதெல்லாம் ஓடி வருவார்கள், பரிசு கேட்பார்கள், ஒரு நாள் எங்கிருந்தோ ஒரு பெருச்சாளியைப் பிடித்து வந்து வளர்க்கட்டுமா என்பார்கள்.

டான்கார்ட்: செரானாவுக்காக ஒருமுறை

20 லெவல் வாக்கில் இதைத் தொடுங்கள். ரிஃப்டனுக்குத் தென்கிழக்கே ஒரு மலையிடுக்கு, அதற்குள் டான்கார்ட் கோட்டை. தலைவர் இஸ்ரானோடு பேசியதும் கதை தொடங்கும். 10-ஆம் லெவலிலேயே போகலாம்தான். ஆனால் பின்பாதியில் வருகிற சண்டைகளுக்கு அந்த உடம்பு தாங்காது.

இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்தக் கதைக்கு எல்டர் ஸ்க்ரோல் என்கிற மாயச் சுருள்கள் மூன்று தேவைப்படும். அதில் ஒன்று மூலக் கதையிலும் தேவைப்படுகிற அதே ஸ்க்ரோல், பிளாக்ரீச் என்கிற பாதாள உலகத்தில் இருக்கிறது. மூலக் கதையில் அந்த இடம்வரை வந்துவிட்டு டான்கார்டைத் தொடங்கினால், சுருள் ஏற்கெனவே பையில் இருக்கும். ஒரே அலைச்சலில் இரண்டு வேலை. ஆனால் மூலக் கதையில் அதன் வேலை முடிந்ததும் வின்டர்ஹோல்ட் கல்லூரி நூலகர் அதை விலைக்குக் கேட்பார். விற்றுவிடாதீர்கள். அப்புறம் அவரிடமே போய்க் கூடுதல் விலைக்குத் திருப்பி வாங்க வேண்டி வரும்.

பெரிய முடிவு ஒன்று சீக்கிரமே வரும். வாம்பயர்களின் தலைவன் ஹார்கன் தன் கோட்டையில் நின்று, நீயும் எங்களில் ஒருவனாகிவிடு என்பான். இங்கே சேவ் போட்டுவிட்டு யோசியுங்கள். ஒத்துக்கொண்டால் வாம்பயர் லார்டாக உருமாறலாம், சிறகு முளைத்த பெரிய உருவம், பார்க்கப் பிரமாதம். ஆனால் வெயிலில் உடம்பு தேறாது, நெருப்பு அதிகமாகச் சுடும், உருமாறிய நிலையில் பையைத் திறக்க முடியாது. முன்பே ஓநாய் மனிதனாக மாறியிருந்தால் அந்தச் சக்தி போய்விடும். முதல் ஆட்டத்தில் மறுத்துவிடுங்கள் என்பேன். இரண்டு பக்கம் போனாலும் கதையின் முதுகெலும்பு ஒன்றுதான், அதே இடங்கள், அதே ஆட்கள். நடுவழியில் மனம் மாறினால், கூடவே வரும் செரானா என்ற வாம்பயர் பெண்ணிடம் கேட்டு வாம்பயராகலாம். அதுவும் சலித்துப்போனால் மோர்தலில் ஃபாலியன் என்றொருவர் இருக்கிறார், நிரப்பிய கறுப்பு ஆன்மக் கல் ஒன்றைக் கொடுத்தால் குணப்படுத்திவிடுவார்.

செரானாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஸ்கைரிமில் உங்கள் பின்னால் வருகிற துணையாட்கள் பெரும்பாலும் மூட்டை தூக்கத்தான். இவள் அப்படியில்லை. நீங்கள் நின்றால் சுவரில் சாய்வாள், உலைக்களம் கண்ணில் பட்டால் போய் நோண்டிப் பார்ப்பாள், வெயிலைத் திட்டுவாள், அம்மாவைப் பற்றிக் கேட்டால் முகம் மாறும். பாத்திரத்தை எழுதிய விதத்தை மட்டும் வைத்துத் தரவரிசை போட்டால் டான்கார்டை முதலிடத்தில் வைத்துவிட்டு நான் எழுந்து போய்விடுவேன்.

பின் ஏன் இரண்டாமிடம்? சோல் கெய்ர்ன் என்கிற ஆன்மாக்களின் உலகம் காரணம். முதல் அரை மணி நேரம் வாய் பிளந்து பார்ப்பீர்கள். அப்புறம் சாம்பல் நிறத் தரை, சாம்பல் நிற வானம், எலும்புக்கூடுகள், மறுபடி சாம்பல் நிறத் தரை. அங்கே கதைக்குத் தேவையானதை முடியுங்கள், ஆர்வாக் என்கிற எலும்புக் குதிரையை மட்டும் தேடி எடுத்துக்கொள்ளுங்கள் (எங்கே வேண்டுமானாலும் வரவழைக்கலாம், செத்தாலும் கவலையில்லை), கிளம்பிவிடுங்கள். அங்கே ஜியூப் என்ற ஆவி தன் சுயசரிதையின் 10 தாள்களைத் தேடித் தரச் சொல்லும். 2002-இல் வந்த மாரோவிண்டை ஆடியவர்களுக்கு அவன் யாரென்று தெரியும், அந்த கேமின் முதல் காட்சியில் கப்பலில் நம்மை எழுப்புகிறவனே அவன்தான். அவர்கள் மட்டும் தாள்களைத் தேடட்டும்.

அதற்கு மாறாக ஃபார்காட்டன் வேல் என்கிற பனிப் பள்ளத்தாக்கில் அவசரமே படாதீர்கள். மூன்று டிஎல்சிகளிலும் சேர்த்து மிக அழகான இடம் எனக்கு அதுதான். நடுவில் உறைந்த ஏரி ஒன்று வரும். அதில் கால் வைக்கும் முன் மருந்துகளை எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள். வேறொன்றும் சொல்ல மாட்டேன். வில்லாளிகளுக்கு இந்தப் பயணத்தின் முடிவில் ஆரியலின் வில் கிடைக்கும், கோட்டைக்குப் போனதுமே குறுக்குவில்லும் கிடைத்திருக்கும். அதனால் வில்லை நம்பி ஆடுகிறவர்களுக்கு மட்டும் என் வரிசை செல்லாது. டான்கார்டையே முதலிடமாக வைத்துக்கொள்ளலாம்.

டிராகன்பார்ன்: கடைசியில், அவசரமில்லாமல்

கிரேபியர்ட்களிடம் பாடம் முடித்த பிறகு ஏதோ ஓர் ஊரில் முகமூடிக்காரர்கள் வழிமறித்து, நீதான் டிராகன்பார்ன் (டிராகன் ஆன்மாவோடு பிறந்தவன்) என்று சொல்லிக்கொள்கிறவனா என்று கேட்டுவிட்டுத் தாக்குவார்கள். கொல்லுங்கள், மடியில் இருக்கும் சீட்டைப் படியுங்கள், குவெஸ்ட் பட்டியலில் ஏறிவிடும். ஏறியதும் ஓட வேண்டியதில்லை. அது எத்தனை நாள் வேண்டுமானாலும் காத்திருக்கும்.

30 லெவல் தாண்டியதும் வின்ட்ஹெல்ம் துறைமுகத்துக்குப் போங்கள். நார்தர்ன் மெய்டன் என்ற கப்பலின் மாலுமி முதலில் வரமாட்டேன் என்பான், 250 தங்கம் கொடுத்தால் சோல்ஸ்தைம் தீவுக்கு ஏற்றிக்கொள்வான். தனி மேப், தனி மக்கள். தெற்கே எரிமலைச் சாம்பல் மூடிய ரேவன் ராக் ஊர், வடக்கே பனிக்காட்டில் ஸ்கால் கிராமம், கிழக்கே பெரிய காளான்களையே கோபுரமாக வளர்த்து அதற்குள் வாழும் நெலோத் என்ற மந்திரவாதி. கர்வம் பிடித்த கிழவர், பேச்சைக் கேட்டுச் சிரிக்காமல் இருக்க முடியாது.

இதற்கு ஏன் முதலிடம் என்றால், ஸ்கைரிமில் 30 லெவல் ஆடியவருக்கு எந்தக் குகையைப் பார்த்தாலும் உள்ளே என்ன இருக்கும் என்று தெரிந்துவிடும். சோல்ஸ்தைமில் அந்தத் தெனாவட்டு எடுபடாது. சாம்பலுக்குள்ளிருந்து உருவங்கள் எழுந்து வரும். கறுப்புப் புத்தகம் ஒன்றைத் திறந்தால் அபோக்ரிஃபா என்ற உலகத்துக்குள் இழுத்துக்கொள்ளும். கறுப்புத் தண்ணீர், நகருகிற புத்தகச் சுவர்கள், மேலே கண்களோடு மிதக்கும், அந்த உலகை ஆளும் ஹெர்மேயஸ் மோரா. இப்படி மொத்தம் ஏழு புத்தகங்கள் தீவில் இருக்கின்றன, பெரும்பாலானவற்றின் முடிவில் ஒரு சக்தியைத் தேர்ந்தெடுக்கலாம். அன்டோல்ட் லெஜண்ட்ஸ் என்ற புத்தகத்தை மட்டும் விடாதீர்கள். நாளுக்கு ஒருமுறை டிரெமோரா என்ற அசுர இனத்து வியாபாரி ஒருவனை வரவழைக்கிற சக்தி அதில் உண்டு. குகை நடுவிலேயே மூட்டையை விற்றுக் காசாக்கலாம். உள்ளே மாட்டிக்கொண்டதுபோல் தோன்றினால் அதே புத்தகத்தை மறுபடி படியுங்கள், வெளியே வந்துவிடுவீர்கள்.

இதிலும் குறை உண்டு. வில்லனான மிராக், உலகின் முதல் டிராகன்பார்ன் என்று இத்தனை பெரிய பெயரோடு வருகிறவன், நேரில் பேசுவது கொஞ்சம்தான். டிராகன்மேல் ஏறிப் பறக்கலாம் என்று விளம்பரப்படுத்தினார்கள். ஏறலாம். ஆனால் கடிவாளம் உங்கள் கையில் இருக்காது, அது தன் இஷ்டத்துக்கு வட்டமடிக்கும். இரண்டு முறை செய்து பார்த்துவிட்டு விட்டுவிடுவீர்கள்.

புது ஆட்கள் சறுக்குகிற இடம் ஒன்றுதான். முதல் கறுப்புப் புத்தகத்தைப் படித்து மிராக்கைப் பார்த்துவிட்டு, சரி அப்புறம் வரலாம் என்று ஸ்கைரிமுக்குத் திரும்பிவிடுவார்கள். அதற்குப் பிறகு நீங்கள் டிராகனைக் கொன்று நிற்கும்போது சில சமயம் மிராக் திடீரென்று தோன்றி அதன் ஆன்மாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு மறைவான். கஷ்டப்பட்டது நீங்கள், பலன் அவனுக்கு. அவனை முடிக்கும்வரை இது ஓயாது. ஆகவே கப்பலேறுவதற்கு முன்பே கையிலிருக்கும் டிராகன் வேலைகளை முடித்துவிடுங்கள். தீவில் சும்மா சுற்றிப் பார்க்க வேண்டுமென்றால் மிராக்கின் கோயில் பக்கம் போகாமல் ரேவன் ராக் மக்களின் வேலைகளை முதலில் செய்யுங்கள். அதில் ஒன்றை முடித்தால் ஊருக்குள் ஒரு நல்ல வீடே இனாமாகக் கிடைக்கும், கொல்லன் உலையும் மந்திர மேசையும் உள்ளேயே இருக்கும்.

மிராக்கை வென்ற பிறகு வேக்கிங் டிரீம்ஸ் என்ற புத்தகத்தை மறுபடி திறந்து பாருங்கள். ஒரு டிராகன் ஆன்மாவைக் கொடுத்தால் ஒரு திறனில் போட்ட பெர்க்குகள் (லெவல் ஏறும்போது கிடைக்கும் கூடுதல் திறன்கள்) அத்தனையையும் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். முதல் 10 லெவலில் எது எதற்கென்று தெரியாமல் பூட்டு உடைப்பதில் போட்ட பெர்க்குகள் எல்லோருக்கும் சில இருக்கும். முதலில் அவற்றை எடுங்கள்.